ரிச்சி பெனோ: வாயை மூடிக்கொண்டே பேர் வாங்கிய கமென்டேட்டர்! இன்றைய கிரிக்கெட் நேரலை அவரிடம் கற்க வேண்டியது என்ன?

2005 செப்டம்பர் 12. லண்டன் ஓவல் மைதானம். ஆஷஸ் தொடரின் கடைசி டெஸ்ட், கடைசி நாள். 18 வருடங்களுக்குப் பிறகு இங்கிலாந்து ஆஷஸைக் கைப்பற்றப்போகிறது. மைதானமே கொண்டாட்டத்தில் இருக்கிறது.

கமென்டரி பாக்ஸில் 74 வயது மனிதர் ஒருவர் மைக்கைப் பிடித்திருக்கிறார். இங்கிலாந்து டிவியில் அவருக்கு இதுதான் கடைசி நேரடி வர்ணனை. 42 வருடமாக உங்கள் வீட்டு ஹாலுக்குள் என்னை அனுமதித்ததற்கு நன்றி என்று ரசிகர்களிடம் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார். வாக்கியம் முடியவில்லை. கெவின் பீட்டர்சனை 158 ரன்னில் போல்டாக்குகிறார் கிளென் மெக்ரா.

வேறு யாராவது என்றால் என்ன செய்திருப்பார்கள்? ஒரு நிமிடம் தடுமாறியிருப்பார்கள். ஆனால் அவரோ தன் பிரியாவிடையைப் பாதியில் நிறுத்திவிட்டு, அதே குரலில் அந்த விக்கெட்டைச் சொன்னார். அதன் பிறகே அடுத்தவரிடம் மைக்கை ஒப்படைத்தார். தன்னைப் பற்றிய பேச்சை விட களத்தில் விழுந்த விக்கெட்தான் முக்கியம். அவ்ளோதான்.

அவர் பெயர் ரிச்சி பெனோ. ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன், லெக் ஸ்பின்னர், கிரிக்கெட் ஒளிபரப்பின் இலக்கணத்தையே எழுதியவர். 2015 ஏப்ரல் 10 அன்று 84 வயதில் காலமானார். 90ஸ் கிட்ஸில் சிலருக்கு அந்த க்ரீம் கலர் கோட்டும் வெள்ளை முடியும் நினைவிருக்கலாம். 2கே கிட்ஸுக்குப் பெயரே புதுசாக இருக்கலாம். பரவாயில்லை. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு அலறல் கேட்கிற இன்றைய நேரலையைப் புரிந்துகொள்ள, இந்த மனிதரைத் தெரிந்துகொள்வது அவசியம்.

யார் இந்த பெனோ?

1930 அக்டோபர் 6 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பென்ரித் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா லூ பெனோ ஒரு பள்ளி ஆசிரியர். அவரும் லெக் ஸ்பின்னர்தான். உள்ளூர் ஆட்டம் ஒன்றில் எதிரணியின் 20 விக்கெட்டையும் தனி ஆளாக எடுத்தவர்!

மகன் 1952-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக டெஸ்ட்டில் அறிமுகமானார். 63 டெஸ்ட், 248 விக்கெட், 2,201 ரன். டெஸ்ட் கிரிக்கெட்டில் 200 விக்கெட், 2,000 ரன் இரண்டையும் தொட்ட முதல் வீரர் இவர்தான். 28 டெஸ்ட்டுகளுக்கு கேப்டன். அதில் தோற்றது நான்கே நான்கு. ஒரு தொடரைக்கூட இழந்ததில்லை.

நம்ம ஊருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1956-ல் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்த டெஸ்ட்டில் 72 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். இப்போது பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் இருக்கும் இடம்தான் அது. அதே தொடரின் கல்கத்தா டெஸ்ட்டில் மொத்தம் 11 விக்கெட். மூன்று வருடம் கழித்து கேப்டனாக வந்தபோது கான்பூரில் ஜசு பட்டேலின் 14 விக்கெட்டுகளில் சுருண்டது அவரது அணி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றி அது.

1960 பிரிஸ்பேனில் நடந்த உலகின் முதல் 'டை' டெஸ்ட்டிலும் கேப்டன் பெனோதான். இலக்கு 233. ஸ்கோர் 92-க்கு 6. டிராவுக்கு ஆடுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். தேநீர் இடைவேளையில் என்ன திட்டம் என்று டான் பிராட்மேன் கேட்க, ஜெயிக்கத்தான் ஆடுகிறோம் என்றார் பெனோ. ஆலன் டேவிட்சனுடன் சேர்ந்து 134 ரன் சேர்த்தார். ஆட்டம் கடைசி ஓவரில் சமனில் முடிந்தது. பார்க்க வந்தவர்களை ஏமாற்றக் கூடாது என்ற எண்ணம் மைக் கைக்கு வருவதற்கு முன்பே அவரிடம் இருந்தது.

பேரை வைத்து வேலை கேட்கவில்லை!

இன்று ஓய்வு அறிவிக்கும் வீரர், அடுத்த சீசனிலேயே கமென்டரி பாக்ஸில் உட்கார்ந்துவிடுகிறார். ஆடிய அனுபவம் இருக்கிறது, பேச வேண்டியதுதானே என்பது பொதுவான நினைப்பு. பெனோ அப்படி நினைக்கவில்லை.

அவர் வேலை பார்த்தது சிட்னியின் 'தி சன்' நாளிதழில். கிரிக்கெட் வீரர் என்பதால் யாரோ எழுதிக் கொடுக்கும் பத்தியில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் வசதி இருந்தது. அதை விட்டுவிட்டு, செய்திப் பிரிவில் சேர்ந்து போலீஸ் செய்திகளைச் சேகரிக்கப் போனார். விபத்து, கொலை, திருட்டு. நடந்ததை நடந்தபடி, சுருக்கமாக, டெட்லைனுக்குள் எழுத வேண்டும். பின்னாளில் அவரிடம் நாம் கேட்ட அந்தச் சிக்கனமான பேச்சு அங்கே தொடங்கியதுதான்.

அடுத்த படி, 1956. இங்கிலாந்து சுற்றுப்பயணம் முடிந்தது. பெனோ மட்டும் லண்டனில் தங்கி, பிபிசி-யில் மூன்று வார தொலைக்காட்சிப் பயிற்சி எடுத்தார். அப்போது அவருக்கு 25 வயது. டெஸ்ட் அணியில் ஆடிக்கொண்டிருக்கும் வீரர். கோல்ஃப் வர்ணனையாளர் ஹென்றி லாங்ஹர்ஸ்ட், டென்னிஸின் டான் மாஸ்கெல், குதிரைப் பந்தயத்தின் பீட்டர் ஓ'சல்லிவன் மூவரும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கவனித்தார். மூவரில் ஒருவர்கூட கிரிக்கெட் வர்ணனையாளர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கற்க நினைத்தது கிரிக்கெட்டை அல்ல, டிவியை.

1960-ல் பிபிசி வானொலி, 1963 முதல் பிபிசி டிவி, 1977 முதல் ஆஸ்திரேலியாவின் சேனல் நைன். வடக்கே கோடை வந்தால் இங்கிலாந்து, தெற்கே கோடை வந்தால் ஆஸ்திரேலியா. ஆடியதும் வர்ணித்ததும் சேர்த்து சுமார் 500 டெஸ்ட் போட்டிகளை நேரில் பார்த்த மனிதர்.

அவர் ஸ்டைலில் அப்படி என்ன ஸ்பெஷல்?

ஒரே வரியில் சொன்னால், திரையில் தெரிவதோடு கூடுதலாக எதையாவது சேர்க்க முடிந்தால் பேசு, இல்லையென்றால் பேசாதே. இதுதான் அவர் விதி.

கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதற்குள் வானொலிக்கும் டிவிக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இருக்கிறது.

சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையை ரேடியோவில் கேட்டு வளர்ந்த அப்பாக்களிடம் கேட்டுப் பாருங்கள். பந்துவீச்சாளர் ஓடி வருவது, பந்து எங்கே விழுந்தது, ஃபீல்டர் எந்தப் பக்கம் ஓடினார் எல்லாவற்றையும் அவர் சொன்னால்தான் ஆட்டமே உண்டு. ரேடியோவில் வர்ணனையாளர்தான் கேமரா. அங்கே மௌனம் என்றால் இருட்டு.

டிவியில் அந்த வேலையை கேமரா செய்துவிடுகிறது. பந்து பவுண்டரிக்குப் போவது எனக்கே தெரிகிறது. அதையே இன்னொருவர் கத்திச் சொல்வதால் என்ன லாபம்? அந்தப் பந்தை ஏன் அங்கே போட்டார், அடுத்து என்ன போடுவார், ஃபீல்டரை ஏன் இரண்டு அடி தள்ளி நிறுத்தினார்? எனக்குத் தெரியாதது இதுதான். டிவி வர்ணனையாளரின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

புதிதாக வருபவர்களுக்கு பெனோ சொன்ன அறிவுரைகள் இன்னும் ஒளிபரப்பு உலகில் புழங்குகின்றன. இடைவெளி விடுவதன் மதிப்பை மறக்காதே. 'நாங்கள்', 'அவர்கள்' என்ற பெயரில் உலகத்தில் எந்த அணியும் இல்லை. டைட்டானிக் மூழ்கியதுதான் சோகம், எத்தியோப்பியப் பஞ்சம்தான் பேரழிவு, ஒரு கேட்ச்சைத் தவறவிட்டதற்கு அந்த வார்த்தைகளைப் பயன்படுத்தாதே. கூடவே, உன்னை நீயே ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்ளாதே.

கடைசி அறிவுரை முக்கியம். பெனோ கறாரான வாத்தியார் இல்லை. பேட்டிங்கே வராத மெக்ரா 2 ரன்னில் அவுட்டானபோது, சதத்துக்கு இன்னும் 98 ரன்தான் பாக்கி என்று முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னவர் அவர். ஒரு வரி, அதோடு நிறுத்தினார். சிரிக்கும் வேலையை நம்மிடம் விட்டுவிட்டார்.

1993-ல் ஓல்ட் டிராஃபோர்டில் ஷேன் வார்ன் வீசிய 'நூற்றாண்டின் பந்து' நினைவிருக்கிறதா? லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து, ஆஃப் ஸ்டம்பைத் தட்டிய பந்து. அப்போது பிபிசி-யில் மைக் பிடித்திருந்தவர் பெனோ. வாழ்நாள் முழுக்க லெக் ஸ்பின் போட்டவர். நினைத்திருந்தால் பத்து நிமிடம் பாடம் எடுத்திருக்கலாம். அவர் சொன்னது, என்ன நடந்தது என்றே மைக் கேட்டிங்குக்குப் புரியவில்லை என்பதுதான். கேட்டிங்கின் அந்த அதிர்ந்துபோன முகத்தை நாம் பார்க்க இடம் விட்டார். இன்றைக்கும் அந்த வீடியோவைப் பார்க்கும்போது நமக்கு நினைவில் நிற்பது அந்த முகம்தான்.

மௌனம் மட்டும்தானா?

இல்லை. பெனோவை 'அமைதியான கமென்டேட்டர்' என்று மட்டும் சுருக்கினால் அவரில் பாதியைத்தான் பார்க்கிறோம். மீதிப் பாதி 1981 பிப்ரவரி 1 அன்று தெரிந்தது.

மெல்பர்னில் ஆஸ்திரேலியா - நியூசிலாந்து ஒருநாள் இறுதிப் போட்டி. ஐந்து ஆட்டங்கள் கொண்ட இறுதிச் சுற்றில் மூன்றாவது ஆட்டம். கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு 6 ரன் தேவை, அதுவும் டை ஆக்கத்தான். ஆஸ்திரேலிய கேப்டன் கிரெக் சேப்பல், பந்து வீசிக்கொண்டிருந்த தன் தம்பி டிரெவர் சேப்பலிடம் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். உருட்டிய பந்தை எப்படி சிக்ஸர் அடிப்பது? பேட்ஸ்மேன் பிரையன் மெக்கெக்னி அதைத் தடுத்துவிட்டு, கோபத்தில் மட்டையைத் தூக்கி எறிந்தார்.

அன்றைய விதிப்படி அது தவறில்லை. ஆஸ்திரேலியா ஜெயித்துவிட்டது. ஒளிபரப்பியது ஆஸ்திரேலிய சேனல். பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியர்கள். வர்ணனையாளர், அதே அணியின் முன்னாள் கேப்டன். எப்படியாவது பூசி மெழுகியிருக்கலாம். 'புத்திசாலித்தனமான முடிவு' என்றுகூட ஒருவர் சொல்லியிருக்க முடியும்.

பெனோ நேரலையில் கேமராவைப் பார்த்து, இது வெட்கக்கேடு என்றார். கிரிக்கெட் மைதானத்தில் தான் பார்த்த மிக மோசமான செயல்களில் ஒன்று என்றார். ஓவர் கணக்கைத் தப்பாகப் போட்ட கேப்டனின் வேலை இது என்று காரணத்தையும் சேர்த்தே சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அதிகம் பேசாத மனிதர் என்பதால், அன்று பேசியது ஒவ்வொன்றும் நாட்டின் காதில் விழுந்தது. பிறகு இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கண்டித்தார்கள், விதியும் மாறியது. ஆனால் பெனோ பேசியபோது, யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

'நாங்கள்' என்ற அணி இல்லை என்று சொன்னாரே, அது வெறும் மொழிநடை டிப்ஸ் இல்லை என்பது இங்கேதான் புரிகிறது. சொந்த அணியை 'நாங்கள்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, அந்த அணி தப்பு செய்யும்போது அதைச் சொல்ல வராது.

அப்போ அவர் பணத்துக்கு அப்பாற்பட்டவரா?

அதுவும் இல்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியாகாது.

1977-ல் ஆஸ்திரேலிய ஊடக முதலாளி கெர்ரி பேக்கர், ஒளிபரப்பு உரிமை கிடைக்காத கோபத்தில் உலகின் முன்னணி வீரர்களை விலைக்கு வாங்கி, வேர்ல்ட் சீரிஸ் கிரிக்கெட் என்று தனிப் போட்டியே நடத்தினார். அதற்கு ஆலோசகராக இருந்தவர்கள் பெனோவும் அவர் மனைவி டாஃப்னியும். கிரிக்கெட்டைக் காசுக்கு விற்றுவிட்டார் என்று பழைய நண்பர்கள் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள்.

வண்ண உடை, வெள்ளைப் பந்து, ராத்திரி ஆட்டம், மைதானத்தின் இரண்டு முனையிலும் கேமரா என நாம் இன்று பார்க்கும் டிவி கிரிக்கெட்டின் பல அம்சங்கள் அந்தக் கலகத்தில் வளர்ந்தவைதான். வீரர்களுக்கு ஓரளவு நல்ல சம்பளம் கிடைக்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான். அதாவது ஐபிஎல் வரைக்கும் வந்து சேர்ந்த சாலைக்குக் கல் போட்டவர்களில் பெனோவும் ஒருவர். நைன் சேனலில் சம்பளம் வாங்கிய அவர், அந்தச் சேனலின் நினைவுப் பொருள் விளம்பரங்களிலும் வந்து போனார்.

ஆனால் அவர் போட்ட கோடு வேறு இடத்தில் இருந்தது. யாரிடம் சம்பளம் வாங்குகிறோம் என்பது ஒன்று. களத்தில் நடந்ததை அவர்களுக்காக மாற்றிச் சொல்கிறோமா என்பது வேறொன்று. 2005-ல் இங்கிலாந்து கிரிக்கெட் முழுக்கக் கட்டண சேனலுக்குப் போனபோது, இலவச டிவியில்தான் கிரிக்கெட் இருக்க வேண்டும் என்று சொல்லி வந்த அவர் அங்கிருந்து விலகிக்கொண்டார். வாய்ப்புக்காகத் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

நம்ம நேரலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் நடக்கும் சர்வதேச ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தயாரிப்பதே பிசிசிஐ-தான். அந்த வர்ணனையாளர் குழுவை முடிவு செய்வதிலும் வாரியத்தின் கை இருக்கிறது. 2016 ஐபிஎல் தொடங்கும் நேரத்தில் ஹர்ஷா போக்ளே திடீரென்று குழுவில் இல்லை. காரணம் தனக்கே சொல்லப்படவில்லை என்றார் அவர். 2020-ல் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் வாரியத்தின் குழுவில் இருந்து நீக்கப்பட்டார். இருவரும் பின்னாளில் மைக்குக்குத் திரும்பினார்கள். ஆனால் நடுவில் மற்ற எல்லா வர்ணனையாளர்களுக்கும் ஒரு செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன் விளைவு என்ன? ஒரு மோசமான பிட்ச், ஒரு விளங்காத அணித் தேர்வு, ரசிகர்களுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காத ஒரு மைதானம். இதைப் பற்றியெல்லாம் ட்விட்டரில் நமக்குத் தெரிந்த அளவுகூட நேரலையில் கேட்க முடிவதில்லை. பேச வேண்டிய இடத்தில் சத்தமில்லை. சும்மா இருக்க வேண்டிய இடத்தில் ஒரே சத்தம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். டி20 என்பதே பொழுதுபோக்குதானே, அதில் போய் நிதானத்தை எதிர்பார்ப்பது பழைய காலத்துப் புலம்பல் இல்லையா?

சரிதான், ஆரவாரம் தப்பே இல்லை. நைன் சேனலில் பெனோவுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பில் லாரி, விக்கெட் விழுந்தால் கூரை பறக்கிற மாதிரி கத்துவார். டோனி கிரெய்க் பிட்ச்சில் சாவியைக் குத்திக் காட்டி அலப்பறை செய்வார். அந்தப் பெட்டி அத்தனை பேருக்கும் இடம் கொடுத்தது. அதேபோல 2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பிறகு, நம்ம வீட்டுப் பேச்சிலேயே கிரிக்கெட் கேட்பது ஒரு சந்தோஷம்தான். ஆங்கில வர்ணனை புரியாமல் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்த எத்தனையோ அம்மாக்களையும் தாத்தாக்களையும் அது ஆட்டத்துக்குள் கூட்டி வந்திருக்கிறது. கலாய்ப்பு இருக்கட்டும், சினிமா டயலாக்கும் இருக்கட்டும்.

பிரச்னை சத்தத்தின் அளவில் இல்லை. அந்தக் குரல் யாருக்காக வேலை செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. சந்தா கட்டி, டேட்டா செலவழித்து, ஆஃபீஸ் டேபிளுக்கு அடியில் ஒளித்து வைத்துப் பார்க்கிற நமக்கா? இல்லை வாரியத்துக்கும் விளம்பரதாரருக்குமா? வர்ணனையாளர் நல்ல செய்தி மட்டுமே சொல்வார் என்று தெரிந்துவிட்டால், அவர் 'அற்புதமான ஷாட்' என்று சொல்லும்போதும் நம்ப மாட்டோம். பாராட்டுக்கும் மதிப்பு போய்விடும். விமர்சனத்தை அனுமதிக்காத வாரியம், இந்த நஷ்டத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது.

கடைசிக் குரல்

2013 அக்டோபரில் சிட்னியில் தன் பழைய கார் சுவரில் மோதியதில் பெனோவுக்குப் பலத்த காயம். அதற்குப் பிறகு அவர் வழக்கமான வர்ணனைக்குத் திரும்பவில்லை. 2014 நவம்பரில் தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பதாகச் சொன்னார். சிறு வயதில் ஆதர்ச வீரர் கீத் மில்லரைப் பார்த்து, தொப்பி போடாமலேயே வெயிலில் ஆடியவர். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள், தொப்பி போடுங்கள் என்று இளைஞர்களிடம் கேட்டுக்கொண்டார்.

அதே மாதம் 27-ம் தேதி, தலைப்பகுதியில் பந்து பட்டு பிலிப் ஹியூஸ் இறந்தார். வயது 25. ஒரு நாடே உடைந்துபோனது. அடுத்த டெஸ்ட் தொடங்கும் முன் நைன் சேனல் ஒளிபரப்பிய அஞ்சலிக்குக் குரல் கொடுத்தவர், சிகிச்சையில் இருந்த பெனோ. குரல் தளர்ந்திருந்தது. நீளமான உரை இல்லை. நிம்மதியாக உறங்கு மகனே என்ற பொருளில் முடித்தார். இங்கே எந்தப் பெரிய வார்த்தையும் மிகையாகியிருக்காது, இது நிஜமான சோகம். அப்போதும் அவர் சின்ன வார்த்தைகளையே தேர்ந்தெடுத்தார். நாலு மாதம் கழித்து அவரும் போய்விட்டார். அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்த பிரதமர் டோனி அபாட் முன்வந்தபோது, குடும்பம் அதை ஏற்காமல் எளிமையாகவே விடை கொடுத்தது.

நாம என்ன செய்யலாம்?

அடுத்த மேட்ச் பார்க்கும்போது மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள். ஒன்று, திரையில் எனக்கே தெரிவதைத் தாண்டி இவர் எதையாவது சொன்னாரா? இரண்டு, நம்ம டீம் தப்பு செய்தபோது அதைத் தப்பு என்றாரா? மூன்று, ஒரு நல்ல தருணத்தை நானே அனுபவிக்க இடம் விட்டாரா?

மூன்றுக்கும் 'ஆமா' என்றால், அந்த வர்ணனையாளரைக் கொண்டாடுங்கள். அவர் எந்த மொழியில் பேசினாலும், எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் சரி. 'இல்லை' என்றால் அதையும் சொல்லுங்கள். தனிமனிதரைத் திட்டி ட்ரோல் செய்ய வேண்டாம், கேள்வி கேட்க வேண்டிய இடம் அவரைப் பேசவிடாமல் வைத்திருக்கும் வாரியமும் சேனலும்தான். பிடிக்காத கருத்தைச் சொன்ன வர்ணனையாளரை நீக்கு என்று ஹேஷ்டேக் போடுவதும் ரசிகர்களாகிய நாம்தான் என்பதையும் சேர்த்தே யோசிக்கணும்.

வர்ணனையாளர் குழுவை யார், எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏன் நீக்குகிறார்கள் என்பதை பிசிசிஐ வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அது பெரிய சீர்திருத்தமெல்லாம் இல்லை. ஒரு அறிக்கை போதும். களத்தில் நடந்ததைப் பயமில்லாமல் சொல்லும் ஒரு குரலைக் கேட்க, ரிமோட்டைப் பிடித்திருக்கும் ரசிகனுக்கு உரிமை இருக்கிறது.